வீடு திரும்பும் ரேட்

எங்கள் அம்மா ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு வெறுங்கையோடு போய் நான் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால், கூடத்தில் கிடக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டு போவாள். திரும்பும்போது துடைத்த தட்டு, இல்லையென்றால் என் காலுறை, அதுவும் அகப்படாவிட்டால் கூடையிலிருந்து உருண்டு ஓடிய ஒரு வெங்காயத்தையாவது கையில் வைத்துக்கொண்டு வருவாள். வெங்காயத்துக்குக் கூடத்தில் என்ன வேலை என்று கேட்கக்கூடாது. "சும்மா வந்தா மட்டும் கால் வலிக்காதா?" என்பாள். ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடிய என்னை வழிமறித்து, "அப்படியே இந்த வாளியைக் கொண்டு போய் வைடி" என்றாள். அந்த நிலைமையில் இருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். தொழில் அப்படி. அம்மா ஓர் அவசர லாரி ஆபீசில் ரேட் சொல்கிறவள்.

சாதாரண லாரி ஆபீஸ் வேறு. அங்கே பலபேர் சரக்கு சேரும்வரை வண்டி நிற்கும், நிறைந்தால் கிளம்பும், போய்ச் சேரும்போது சேரும். எங்களுடையது அப்படியில்லை. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் ஒரு பல்சக்கரம் பல்லிளித்துவிடும். மொத்த இயந்திரமும் நின்றுவிடும். வேலைக்கு வந்த அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உடனே எங்களுக்குப் போன் வரும். ஒரு வண்டி, ஒரு சரக்கு, வழியில் வேறு எதையும் ஏற்றாமல் நேரே அங்கே. ஒரு குடும்பமே வீடு மாறிவிடலாம் என்கிற அளவு வண்டியில், செருப்புப் பெட்டி அளவு ஒரே ஒரு பெட்டி கயிறு கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து மகாராணி மாதிரி போகும்.

அந்தப் பெட்டிக்கு அம்மா சொன்ன ரேட்டை முதன்முதலில் கேட்டபோது, எங்கள் குடும்பம் பகல் கொள்ளையில் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"பொட்டி இவ்வளவூண்டுதானேம்மா?"

"பொட்டிக்கு யாருடி ரேட் சொன்னா? வண்டிக்குச் சொன்னேன்."

பள்ளிக்கூடமும் நானும் பாதியில் பிரிந்தவர்கள். மறுபடி பரீட்சை எழுதப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். பாவம், புத்தகங்களும் அதை நம்பிக்கொண்டிருக்கின்றன. அதுவரை அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போகிற சாக்கில் ஆபீசிலேயே உட்கார்ந்துவிடுவேன். கீழே டயர் கடை, மேலே எங்கள் அறை, அதற்குள் முதலாளிக்கு ஒரு சின்னத் தடுப்பறை. மல்லிகைப்பூவை வைத்தாலும் அங்கே ரப்பர் வாசனைதான் அடிக்கும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஊருக்கு ஒரு கட்டம். வண்டிக்கு ஒரு நம்பர் போட்ட வட்டமான காந்தம். எந்த வண்டி எந்த ஊரில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் அம்மா காந்தத்தை ஒட்டிவைப்பாள். காந்தங்களுக்கு மீசை வரைவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை.

கணக்கு வாத்தியார் எத்தனை சாக்பீஸ் எறிந்தும் என் மண்டையில் ஏறாத கணக்கு, அம்மா போன் பேசுவதைக் கேட்டுக்கேட்டே ஏறிவிட்டது. அவள் முதலில் எடையைக் கேட்கமாட்டாள். "எங்கேருந்து? எங்க? எப்போ அங்க இருக்கணும்?" இந்த மூன்றும்தான். கேட்டுக்கொண்டே பலகையைப் பார்ப்பாள். சரக்குக்குப் பக்கத்தில் காலியாக நிற்கிற வண்டி எது? அது சும்மா உருண்டு போய்ச் சரக்கை எடுக்கிற தூரம் ரேட்டில் சேரும். அப்புறம் சரக்கோடு போகிற தூரம். ஒரே டிரைவர் தூங்காமல் போய்விட முடியாத தூரம் என்றால் ஜோடி டிரைவர், அதற்கு ஏறும். வார முதல் நாளில் வண்டிகள் ஈ ஓட்டிக்கொண்டு நிற்கும், ரேட் இறங்கும். வாரக் கடைசியில் எல்லா டிரைவருக்கும் பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வந்துவிடும், ரேட் ஏறும்.

இதெல்லாம் யாருக்கும் புரியும். அம்மாவின் கணக்கில் முக்கியமானது ரிட்டன். சரக்கை இறக்கிவிட்டு வண்டி என்ன செய்யும்? அந்த ஊரிலேயே வேறு லோடு கிடைத்தால் சரி. ஆனால் சில ஊர்கள் இருக்கின்றன. எல்லாம் உள்ளே போகும், ஒன்றும் வெளியே வராது. ஆபீசில் அவற்றைக் 'கிணறு' என்போம். கிணற்றில் இறங்கிய வண்டி காலியாகத்தான் ஏறி வர வேண்டும். அந்தக் காலி ஓட்டத்தையும் ரேட்டில் சேர்க்காவிட்டால் டிரைவர் தலையில் விழும், ஏனென்றால் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு ரேட்டிலும் ஒரு பங்குதான். ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் ரிட்டன் சேர்க்க வேண்டியதில்லை. சரக்கு போகிற ஊரே டிரைவரின் சொந்த ஊராக இருக்கிற வண்டி. அதற்கு அம்மா வைத்திருக்கிற பெயர் 'வீட்டு ரேட்'. வீட்டுக்குப் போகிறவனுக்கு எதற்கு ரிட்டன்?

ரேட்டில் அவள் சேர்க்காதது ஒன்று உண்டு. அதற்காக முதலாளிக்கும் அவளுக்கும் வாரம் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும். முதலாளி நல்லவர்தான், பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமல் பேசுகிறவர்.

"ஏம்மா, அந்தாளு குரலே நடுங்குச்சு. இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"நடுக்கத்துக்குக் கிலோமீட்டர் கிடையாது சார்."

முதலாளி பல்குச்சியை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ரேட்டைச் சொன்ன பிறகு அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள். எதிர்முனையில் இருப்பவர் இழுப்பார், இருமுவார், "கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்பார். அம்மா கல்லாக இருப்பாள். "ரேட் சொன்னப்புறம் யார் முதல்ல வாயைத் திறக்கறாங்களோ அவங்க தோத்தாங்க" என்பது அவள் கட்சி. அவள் தோற்று நான் பார்த்ததில்லை. சொன்ன ரேட்டை அவள் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். முதலாளியே சொன்னாலும் சரி.

இந்தக் கல்லைக் கரைக்க நான் எடுக்காத முயற்சி இல்லை. தெருமுனைக் கடையிலிருந்து குரலை மாற்றி ஆபீசுக்குப் போன் செய்வேன். ஒருநாள் கிழவர் குரலில், "ஒரு ஊஞ்சலை அனுப்பணும்மா" என்றேன்.

"கழட்டினதா, மாட்டினதா?"

"ஆடிக்கிட்டே இருக்கும்மா."

"அப்போ ஆடுறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்க" என்று ஒரு ரேட்டைச் சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் இருந்தாள். நானும் சத்தமில்லாமல் இருந்தேன். கடைசியில் எனக்குத்தான் சிரிப்பு வந்து தொலைத்தது. "தோத்தியா? வர்றப்ப காலியா வராத, உப்பு வாங்கிட்டு வா" என்று போனை வைத்தாள்.

பதினேழாம் நம்பர் காந்தத்துக்கு மட்டும் நான் பெரிய மீசையாக வரைந்திருந்தேன். அந்த வண்டியின் சொந்தக்காரர் நிஜத்திலும் மீசைக்காரர். எங்கள் அப்பா.

அம்மா ரேட் சொல்கிற ஆபீசில்தான் அப்பா வண்டி ஓட்டுகிறார். ஆபீஸ் போனில் இருவரும் புருஷன் பெண்டாட்டி கிடையாது. "பதினேழு எங்க இருக்கு?" என்பாள். "பதினேழு டீ குடிக்குது மேடம்" என்பார். அந்த 'மேடம்' அப்பாவின் விளையாட்டு. அம்மா போனை வைத்த பிறகும் கொஞ்சநேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

அந்த விளையாட்டு நின்றுபோனது ஒரு வரிசையால். எந்த ஊரிலும் காலியாக நிற்கிற வண்டிகளுக்கு ஒரு வரிசை உண்டு. சரக்கை இறக்கிவிட்டு முதலில் ஆபீசுக்குச் சொன்னவர் முதலில். அடுத்த லோடு அவருக்கு. அவராகப் பிரியப்பட்டுப் பின்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்தால் சரி. மற்றபடி கடவுளே வண்டி ஓட்டினாலும் வரிசைதான். அன்றைக்கு அப்பா எங்கள் ஊரில் சரக்கை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, அப்புறம்தான் போன் செய்தார். அதற்குள் இன்னொருவர் சொல்லிவிட்டார். பின்னாலேயே வந்தது ஒரு லோடு. போக வர இரண்டு பக்கமும் சரக்கு உள்ள லோடு. அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் வண்டிக்குப் புது டயர் போடலாம் என்று அப்பா மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதை முதலில் சொன்னவருக்குக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டு பறக்கவில்லை. பறந்திருந்தால் தேவலை.

"வேற எவ புருஷனா இருந்தாலும் நான் இதையேதான் செஞ்சிருப்பேன்" என்றாள் அம்மா.

"அதான் பிரச்சினையே. நான் வேற எவ புருஷனோ இல்ல" என்றார் அப்பா.

மறுநாள் தூரத்து லோடு ஒன்றை ஏற்றிக்கொண்டு போனவர்தான். போன ஊரிலிருந்து இன்னும் தூரத்துக்கு ஒரு லோடு. அங்கிருந்து வேறொரு பக்கம். பதினேழாம் நம்பர் காந்தம் பலகை முழுக்கச் சுற்றியது, எங்கள் ஊர்க் கட்டத்தைத் தவிர. வீட்டுக்குப் போன் செய்தால் என்னிடம் மட்டும் பேசுவார்: "வாலு, சாப்டியா? படிக்கிறியா?" இரண்டுக்கும் பொய் சொல்வேன். ஆபீஸ் போனில் அந்த 'மேடம்' இன்னும் இருந்தது; ஆனால் இப்போது அது நிஜ மேடமாகிவிட்டது. பதினேழு டீ குடிப்பதாக யாரும் சொல்லவில்லை. "இறக்கிடுச்சு மேடம்." "சரி." அவ்வளவுதான்.

அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அறைக்கு அறை ஏதாவது தூக்கிக்கொண்டு நடந்தாள். ஆனால் ஒருநாள் அப்பாவின் சட்டையை அலமாரியிலிருந்து கூடத்துக்குக் கொண்டு வந்தாள். கொஞ்சநேரம் கழித்து அதையே திரும்ப அலமாரிக்குக் கொண்டு போனாள். சரக்கு ஒன்றுதான், ஓட்டம் இரண்டு. இந்த மாதிரி நஷ்டக் கணக்கு அவள் போட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பதினேழாம் நம்பர் காந்தத்தை எடுத்து எங்கள் ஊர்க் கட்டத்தில் ஒட்டிவைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள், திட்டவில்லை. மத்தியானம் முழுக்க அப்படியே விட்டுவைத்துவிட்டு, போன் அடித்தபோதுதான் எழுந்து போய் இருக்க வேண்டிய ஊருக்கு மாற்றினாள். மறுநாள் தெருமுனைக் கடைக்குப் போய்ப் போன் செய்தேன். இந்தமுறை குரலை மாற்றினேனா என்று எனக்கே நினைவில்லை.

"ஒரு ஆளை வீட்டுக்குக் கொண்டு வரணும். என்ன ரேட் ஆகும்?"

எதிர்முனை சும்மா இருந்தது. இன்னும் ரேட்டே சொல்லவில்லை, அதற்குள் சும்மா இருந்தது.

"ஆளெல்லாம் ஏத்தறதில்ல" என்றாள் கடைசியில். "பார்சல்தான்." அன்றைக்கு உப்பு வாங்கி வரச் சொல்லவில்லை.

இனி அந்த நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் ஊர் பிஸ்கட் தொழிற்சாலையின் ஸ்டோர்கீப்பர். மாவைத் தட்டையாக்குகிற உருளை விரிசல் விட்டுவிட்டதாம், மாவு கல்லாகிக்கொண்டிருக்கிறதாம். மாற்று உருளை, வார்ப்புப் பட்டறைகள் நிறைந்த ஒரு தூரத்து ஊரில் தயாராக இருக்கிறது. ஆபீசில் அந்த ஊரை 'இரும்பு' என்போம். நாளை காலை இங்கே வேண்டும். அம்மா பலகையைப் பார்த்தாள். பார்த்தபடியே ஒரே மூச்சில் ரேட்டைச் சொன்னாள். சொல்லிவிட்டு வழக்கம்போல் சும்மா இருந்தாள்.

ஸ்டோர்கீப்பர் இழுக்கவே இல்லை. "சரிங்க, சரிங்க, அனுப்பிடுங்க!" என்று போனை வைத்துவிட்டார்.

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். பல்குச்சி கையில் இருந்தது. விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ஏம்மா, என்ன ரேட்டு இது? ரிட்டன் எங்க?"

அம்மா மறுபடி பலகையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். 'இரும்பு' கட்டத்தில் இரண்டு காந்தம். மேலே நாலு. கீழே, மீசையோடு, பதினேழு.

வரிசையில் முதலில் நிற்பது நாலு. அந்த டிரைவரை எல்லாரும் ஒட்டகம் என்போம். தண்ணீர்கூடக் குடிக்காமல் எவ்வளவு தூரமும் ஓட்டுவார். அவர் வீடு அந்த இரும்பு ஊரிலேயே இருக்கிறது. அவருக்கு எங்கள் ஊர் வெளியூர். இங்கிருந்து இரும்புக்கு லோடு கிடைப்பதில்லை, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். அந்த ஓட்டத்தை ரேட்டில் சேர்த்திருக்க வேண்டும். அம்மா சேர்க்கவில்லை. இரும்பிலிருந்து எங்கள் ஊருக்கு என்றதும் அவள் வாயிலிருந்து வந்தது வீட்டு ரேட். முதல் காந்தத்தை அவள் கண் பார்க்கவே இல்லை.

"கூப்பிட்டு மாத்திச் சொல்லும்மா."

"சொன்னது சொன்னதுதான் சார். தப்பு என்னோடது. ஒட்டகத்துக்குக் குறையறதை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"அட, அதுக்கில்ல. ஒட்டகம் வேணாம்னுட்டா அடுத்தது யாரு? பதினேழு. நாளைக்கு டிரைவருங்க எல்லாம் என்ன பேசுவாங்க?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. புருஷனுக்காக வரிசையை மீறமாட்டேன் என்று சண்டை போட்டு அவரையே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவள். இப்போது அவள் வாயே புருஷனுக்கு ஏற்ற மாதிரி ஒரு ரேட்டைச் சொல்லிவிட்டது. அவள் ஒட்டகத்துக்குப் போன் போட்டாள். நான் டப்பாவைத் துடைக்கிற மாதிரி போய், எல்லாருக்கும் கேட்கிற பொத்தானை அமுக்கினேன். அவள் கவனிக்கவில்லை.

"நாலா? ஒரு லோடு இருக்கு, இங்க கொண்டு வரணும்" என்று ரேட்டைச் சொன்னாள். "ரிட்டன் விட்டுப்போச்சு. என் தப்புதான். குறையறது உங்களுக்கு வந்துரும். தயவுசெஞ்சு ஏத்திக்குங்க."

ஒட்டகம் சிரித்தார். "அக்கா, இத்தனை வருஷம் உங்க ரேட்ல ஓட்டறவன் நான். இது தப்பு ரேட்டு இல்லக்கா. வீட்டு ரேட்டு. என் வீடு இங்கதான் இருக்கு. இது யாருக்கு வச்ச ரேட்டுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்படியெல்லாம் இல்ல. நீங்கதான் முதல்ல…"

"நான் விட்டுக்கொடுத்துட்டேன். வரிசைல அதுக்கு எடம் இருக்கில்ல? ஆளு பக்கத்துலதான் உக்காந்து டீயை ஆத்திக்கிட்டிருக்காரு, இந்தாங்க."

போன் கைமாறுகிற சத்தம். எங்கோ ஒரு லாரி ஹாரன். பிறகு அப்பாவின் குரல்.

"சொல்லுங்க மேடம்."

அம்மா எங்கிருந்து, எங்கே, எப்போது என்று எல்லாவற்றையும் சொன்னாள். ரேட்டையும் சொன்னாள்.

"ரிட்டன் சேக்கலையா?"

"சேக்கல."

"ஏன்?"

அம்மா சும்மா இருந்தாள். அப்பாவும் சும்மா இருந்தார். முதலாளி பல்குச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். கீழே டயர் கடையில் காற்று அடித்து நிறுத்தினார்கள். அம்மா இந்த ஆட்டத்தில் தோற்றதே கிடையாது. அப்பாவோ அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். இப்படியே விட்டால் பிஸ்கட் மாவோடு சேர்ந்து நாங்களும் கல்லாகிவிடுவோம் என்று எனக்குத் தோன்றியது.

"நீங்க வீட்டுக்குத்தானே வர்றீங்க" என்றாள் அம்மா.

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். ஆபீஸ் போனில் பதினேழாம் நம்பரை அவள் 'நீங்க' என்று சொன்னதும் அன்றுதான்.

அப்பா தொண்டையைச் செருமினார். ஒருமுறை, இன்னொருமுறை. "பதினேழு டீ குடிச்சு முடிச்சிடுச்சு மேடம்" என்றார். "ஏத்திக்கிட்டுக் கிளம்புது."

அம்மா போனை வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகுதான் அந்தப் பொத்தானையும், என்னையும், முதலாளியையும் பார்த்தாள். என் முதுகில் ஒன்று விழுந்தது. முதலாளிக்கு விழவில்லை, அவர் முன்னெச்சரிக்கையாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் அப்பா உருளையை முதலில் தொழிற்சாலையில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். வேறு மாதிரி வந்திருந்தால் அம்மாவே திருப்பி அனுப்பியிருப்பாள். வண்டி தெருவில் திரும்புகிற சத்தம் கேட்டபோது அவள் சமையலறையிலிருந்து வாசலுக்குப் போனாள். மேஜையில் டம்ளர் கிடந்தது, எடுக்கவில்லை. நாற்காலியில் என் துண்டு கிடந்தது, எடுக்கவில்லை. வாசலில் குப்பைக்கூடைகூட நிரம்பி நின்றது. எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனாள்.

"என்ன, ரேட்டு ரொம்பக் கம்மியா போட்டுட்டாங்களாமே" என்றார் அப்பா, வண்டியிலிருந்து இறங்காமலேயே. மீசை கழுத்துவரை வளர்ந்த மாதிரி இருந்தார்.

"இஷ்டமிருந்தா இறங்குங்க. இல்லன்னா ரிட்டனையும் சேர்த்துப் போட்டுத் தரேன், அப்படியே திரும்பிப் போங்க."

"டயர் தேஞ்சு கிடக்கு. திரும்பிப் போற மாதிரி இல்ல."

"வரிசை வரிசைதான். இப்பவே சொல்லிட்டேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்காமத்தானே கோவிச்சுக்கிட்டு…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி, அவர் தோளிலிருந்த அழுக்குத்துணிப் பையைப் பிடுங்கினாள். அதன் நாற்றம் எங்கள் மூன்று பேரையும் ஒரு நிமிஷம் ஊமையாக்கியது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அப்பா பின்னாலேயே போனார். நான் குப்பைக்கூடையைத் தாண்டி உள்ளே வரப் பார்த்தேன்.

"சும்மாதானே வர்ற?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தக் கூடையைக் கொட்டிட்டு வாடி."